பிரேக்கை விடக் கற்றுக்கொள்ளுங்கள்: ரேஸ் டிராக்கில் முதல் அடி வைப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டிராக்கில் நன்றாக ஓட்டுகிறவர் யார், திணறுகிறவர் யார் என்பதைப் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலே சொல்லிவிடலாம். திணறுகிறவர் காரில் தலை முன்னும் பின்னும் வெட்டி வெட்டி ஆடும். பிரேக் பிடிக்கும்போது ஒரு குத்து, விடும்போது இன்னொரு குத்து, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மூன்றாவது குத்து. நன்றாக ஓட்டுகிறவர் அவரைவிட வேகமாகப் போய்க்கொண்டிருப்பார். ஆனால் பிரேக் எங்கே முடிந்தது, திருப்பம் எங்கே தொடங்கியது என்று உடம்புக்குத் தெரியாது.

புதிதாக வருகிற பெரும்பாலானவர்கள் வேகம் என்பது ஆக்ஸிலரேட்டரில் இருக்கிறது என்று நினைத்து வருகிறார்கள். கொஞ்ச நாளில், பிரேக்கை எவ்வளவு தாமதமாகப் பிடிக்கிறோம் என்பதில் இருக்கிறது என்று மாறுகிறார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு. பிரேக் பெடலிலிருந்து கால் எப்படி வெளியே வருகிறது என்பதைச் சரி செய்துவிட்டால், மற்ற பாதிப் பிரச்சினைகள் தானாகவே சரியாகின்றன. இந்த வழிகாட்டி முழுக்க அதை நோக்கித்தான் போகிறது. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய.

எங்கே தொடங்குவது

அமெச்சூர் மோட்டார் ஸ்போர்ட்டுக்குள் நுழையப் பல வாசல்கள் உண்டு. கார்ட்டிங், கூம்புகள் வைத்து ஓட்டும் ஆட்டோகிராஸ், சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போகும் டிராக் டே, கணினியில் சிமுலேட்டர். ராலியும் மலைப்பாதையில் காரை ஏற்றும் போட்டியும் அருமையானவை. ஆனால் அங்கே தவறுக்கு இடம் குறைவு, பக்கத்தில் மரமோ பாறையோ நிற்கும். அடிப்படை வந்த பிறகு அங்கே போகலாம்.

கையில் ஒன்றுமே இல்லாதவருக்கு நான் முதலில் சொல்வது ஆட்டோகிராஸ். வெறும் மைதானம், ஒவ்வொரு காராக ஓடும், மோதினால் கூம்புதான் விழும். டயர் தன் எல்லையைத் தொடும்போது எப்படி இருக்கும் என்பதைக் குறைந்த வேகத்தில் அங்கே உணரலாம். கார்ட்டும் நல்ல பள்ளிக்கூடம்தான். ஆனால் அதற்கென்று சில குணங்கள் உண்டு. கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது, வளைவில் இடது வலது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலும் கிடையாது. பின் அச்சு ஒரே தண்டு என்பதால், உள்பக்கப் பின்சக்கரம் லேசாகத் தரையை விட்டு எழுந்தால்தான் கார்ட் ஒழுங்காகத் திரும்பும். வாடகைக்குக் கிடைக்கும் கார்ட்டுகள் பலவற்றில் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக் இருக்கும். அதனால் அங்கே பழகிய பிரேக் பழக்கத்தை அப்படியே காருக்குக் கொண்டு வர வேண்டாம். கண்ணை எங்கே வைப்பது, கார்னரை எப்படி வரைவது, பக்கத்தில் இன்னொருவர் ஓட்டும்போது நிதானம் தவறாமல் இருப்பது ஆகிய மூன்றையும் கொண்டு வாருங்கள்.

சிமுலேட்டரைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். ஜான் மார்டன்பரோ 2011இல் கிரான் டூரிஸ்மோ விளையாட்டின் வழியாக நடந்த ஜிடி அகாடமியில் வென்று நிஜ ரேஸ் டிரைவர் ஆனவர். சிமுலேட்டரில் உடம்பை அழுத்தும் விசை கிடைக்காது, பயமும் இருக்காது. ஆனால் ஒரு டிராக்கின் வடிவத்தை மனப்பாடம் செய்ய அதைவிட நல்ல வழி இல்லை. வாங்குவதாக இருந்தால் ஸ்டியரிங்கைவிட பெடலுக்குச் செலவு செய்யுங்கள். எவ்வளவு தூரம் அழுத்துகிறோம் என்பதை அளக்காமல், எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதை அளக்கும் லோட் செல் பெடல், காலுக்கு நிஜமான பாடம் சொல்லிக் கொடுக்கும்.

டிராக் டே என்றால் முதலில் சின்ன டிராக்கைத் தேர்ந்தெடுங்கள். நியூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே எல்லோருக்கும் கனவு. 1927இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை ஒரு சுற்றுக்கு 20.8 கி.மீ. நீளம், 70க்கும் மேற்பட்ட வளைவுகள். கற்றுக்கொள்வதற்கு அது பொருந்தாததற்குக் காரணம் ஆபத்து மட்டும் இல்லை. ஒரு வளைவில் செய்த தவறைத் திருத்திப் பார்க்க மறுபடி அங்கே வர பத்து நிமிடம் ஆகும். அதற்குள் கால் செய்தது மறந்துவிடும். இரண்டு கி.மீ. டிராக்கில் அதே வளைவு ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும்.

காரைத் தயார் செய்வது

நீங்கள் தினமும் ஓட்டும் கார் போதும். குறைந்த பவர் உள்ள கார் இன்னும் நல்லது, ஏனென்றால் அதில் கார்னரில் இழந்த வேகத்தை நேர்ப்பாதையில் எஞ்சினை வைத்து ஈடுகட்ட முடியாது. தவறு உடனே கண்ணுக்குத் தெரியும். எஞ்சின் டியூனிங், எக்ஸாஸ்ட், ஸ்பாய்லர் எதுவும் இப்போது வேண்டாம். அந்தப் பணத்தை டிராக் நாட்களுக்கும் பயிற்றுநருக்கும் கொடுங்கள்.

பணம் போட வேண்டிய ஒரே இடம் பிரேக். வேகம் கூடும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 120 கி.மீ. வேகத்திலிருந்து 60க்கு இறங்குவதைவிட, 150லிருந்து 60க்கு இறங்குவதற்கு பிரேக் 75 சதவீதம் அதிக வெப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். இது ஒரு சுற்றில் பல முறை, ஆறவிடாமல் நடக்கிறது.

அப்போது இரண்டு விதமாக பிரேக் கைவிடும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால், பேட், அதாவது டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் கட்டை, தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் மெத்தென்று உள்ளே இறங்கினால், பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால்தான் கால் தரையைத் தொட்டும் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். டாட் 4 தரத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 155. டாட் 5.1 என்றால் 260, 180. ஆகவே டிராக்குக்கு முன்னால் புது பிரேக் ஆயில் மாற்றுங்கள், பேட் பாதிக்கும் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். டாட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது, சாதாரணக் காருக்கு அது வேண்டாம்.

டயர் விஷயத்தில் ஆசையை அடக்குங்கள். ரேஸ் டயர் அதிக கிரிப் தரும், ஆனால் விடும்போது திடீரென்று விடும். சாதாரண ரோட்டு டயர் முதலில் முனகும், அப்புறம் அலறும், அதன் பிறகுதான் நழுவும். அந்த எச்சரிக்கை ஒலி உங்கள் முதல் ஆசிரியர். கிளம்பும் முன் டயரின் தோள்பட்டையில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். பல டயர்களின் பக்கவாட்டில் ஒரு சின்ன முக்கோணக் குறி இருக்கும். திரும்பி வந்து பார்க்கும்போது கோடு அந்த முக்கோணத்தையும் தாண்டி அழிந்திருந்தால் காற்று குறைவு. சூடு ஏறினால் அழுத்தமும் ஏறும் என்பதால், ஒரு செஷன், அதாவது டிராக்கில் ஒரு முறை ஓட்டும் நேரம், முடிந்து உள்ளே வந்தவுடன் அளந்து, நான்கு சக்கரத்தையும் அப்போதே சரி செய்யுங்கள்.

மற்றபடி, சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, கார் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். சூடு தணிந்த பிறகு மறுபடி ஒருமுறை பாருங்கள். பேட்டரி அசையக் கூடாது. காருக்குள் ஒரு பொருள்கூட தளர்வாகக் கிடக்கக் கூடாது. பெடலுக்கு அடியில் உருண்டு போகும் ஒரு தண்ணீர் பாட்டில் போதும், அந்த நாள் முடிந்துவிடும். டிரைவர் பக்கத் தரைவிரிப்பையும் எடுத்துவிடுங்கள்.

உங்கள் உடம்புக்கு

ஹெல்மெட் வாங்கும்போது, ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் ஸ்நெல் அமைப்பின் எஸ்ஏ தரமா, எம் தரமா என்று பாருங்கள். எம் என்பது மோட்டார் சைக்கிளுக்கு. எஸ்ஏ தரத்துக்கு தீப்பிடிக்காத தன்மைக்கான சோதனையும், ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் காக்கும் கம்பிக்கூடு) கம்பியில் தலை மோதுவதை ஒத்த சோதனையும் கூடுதலாக உண்டு. பெயருக்குப் பின்னால் வரும் ஆண்டு அந்தத் தரத்தின் பதிப்பு. எந்தப் பதிப்பு வரை ஏற்பார்கள் என்று நடத்துகிறவர்களிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். பருத்தியில் முழுக்கை, முழுக்கால் உடை, அடிப்பகுதி மெல்லியதாக உள்ள காலணி. தடித்த அடிப்பகுதி உள்ள ஷூ போட்டால் பெடல் சொல்வது காலுக்குக் கேட்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நான்கு அல்லது ஆறு முனை ஹார்னஸ் பெல்ட்டை மட்டும் தனியாக வாங்கிச் சாதாரணக் காரில் மாட்டாதீர்கள். அது உடம்பை நிமிர்த்தியே பிடித்து வைக்கும். கார் கவிழ்ந்து கூரை நசுங்கினால் உடம்பு சாய்ந்துகொள்ள வழி இருக்காது. ஹார்னஸ், அதற்கேற்ற சீட், ரோல் பார், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் ஆகிய நான்கும் ஒரு செட். ராபர்ட் ஹப்பர்டும் ஜிம் டவுனிங்கும் 1980களில் உருவாக்கிய ஹான்ஸ் 2003இல் ஃபார்முலா 1இல் கட்டாயமானது. முழு செட்டும் போட முடியாத வரை கம்பெனி கொடுத்த மூன்று முனை பெல்ட்டே பாதுகாப்பு.

டயர் செய்யும் வேலை

நான்கு டயர்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு மிகச் சின்னது. பிரேக், திருப்பம், முடுக்கம் எல்லாம் அந்த இடத்தில்தான் நடக்கிறது. ஒரு டயரிடம் இருக்கும் கிரிப் முழுவதையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. முழுவதையும் திரும்புவதற்குக் கொடுத்தால் பிரேக்குக்கு இருக்காது. இரண்டையும் கலந்து எடுக்கலாம், ஆனால் ஒன்றைக் குறைத்துத்தான் மற்றதைக் கூட்ட முடியும்.

இரண்டாவது விஷயம், அந்த கிரிப் நிலையானது இல்லை. எந்த டயர் மேல் எடை அதிகமாக அழுத்துகிறதோ அதற்கு கிரிப் அதிகம். எடையை நகர்த்துவது உங்கள் கால். ஒரு கணக்கு பார்க்கலாம். 1200 கிலோ கார், முன்சக்கரங்கள் மேல் 720 கிலோ, பின்சக்கரங்கள் மேல் 480. எடை மையம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரம், முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.5 மீட்டர். புவியீர்ப்புக்குச் சமமான வலுவோடு பிரேக் பிடித்தால் 240 கிலோ பின்னாலிருந்து முன்னால் போகிறது. இப்போது முன்னால் 960, பின்னால் வெறும் 240. பின்பக்கம் பாதி எடையை இழந்துவிட்டது. இந்த நிலையில் பிரேக்கைச் சட்டென்று விட்டால் அந்த 240 கிலோவும் ஒரே நொடியில் பின்னால் ஓடும். முன்டயருக்கு எப்போது கிரிப் மிக அவசியமோ, சரியாக ஸ்டியரிங்கைத் திருப்பும் அந்தக் கணத்தில், அது இல்லாமல் போகும். கார் திரும்பவே மாட்டேன் என்கிறது என்று புதியவர்கள் குறைப்படுவதில் பெரும்பங்கு இதுதான்.

உட்காருவது, பார்ப்பது

தோள் சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். கைகள் கடிகாரத்தின் ஒன்பது மணி, மூன்று மணி இடங்களில். இடது காலை ஓய்வுப் பலகையில் ஊன்றி உடம்பை அதனால் தாங்குங்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கினால் டயர் அனுப்பும் செய்தி கைக்கு வராது.

கண் விஷயம் எளிதாகத் தெரியும், செய்வது கடினம். போகும் இடத்தைப் பார்க்காமல், போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும் இடம் நெருங்கும்போதே கண் திரும்பத் தொடங்கும் இடத்துக்குப் போயிருக்க வேண்டும். திருப்பத் தொடங்கும்போது ஏபெக்ஸில், அதாவது கார் வளைவின் உள்ஓரத்தைத் தொடும் இடத்தில் இருக்க வேண்டும். ஏபெக்ஸை அடையும் முன்பே வெளியேறும் இடத்தில். கொண்டை ஊசி போன்ற ஹேர்பின் வளைவில் இதற்குப் பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டியிருக்கும். கழுத்தைத் திருப்பத் தயங்காதீர்கள். சுவரைப் பார்த்தால் சுவருக்கே போவீர்கள், கை கண்ணைத்தான் பின்தொடரும்.

டிராக்குக்குப் போகும் முன் ரோட்டில்

ரோட்டில் வேகமாக ஓட்டிப் பழகக் கூடாது, அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் மிக மெதுவாக ஓட்டும்போதே பழகக்கூடிய ஒன்று உண்டு. சிக்னலில் நிற்கும்போது, கார் முழுவதும் நிற்கும் கடைசி ஒரு மீட்டரைக் கவனியுங்கள். பெடலை ஒரே அழுத்தத்தில் வைத்திருந்தால், நிற்கும் கணத்தில் மூக்கு தாழ்ந்து எழும், தலை ஒரு வெட்டு வெட்டும். அந்தக் கடைசி மீட்டரில் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கார் நின்றதே தெரியாதபடி நிறுத்திப் பாருங்கள். கால் விரல்களில் எவ்வளவு நுணுக்கம் தேவை என்று முதல் நாளே புரியும். பக்கத்தில் இருப்பவர் தலை ஆடவில்லை என்றால் சரியாகச் செய்கிறீர்கள். டிராக்கில் செய்யப்போவதும் இதேதான், வேகம் மட்டும்தான் கூட.

முதல் செஷன்

பயிற்றுநர் கிடைத்தால் கண்டிப்பாகப் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதல் இரண்டு மூன்று சுற்று டயர், பிரேக், உங்கள் மூளை மூன்றும் சூடாவதற்கு. லேப் டைமரைத் தொடவே வேண்டாம். பல டிராக் டேக்களில் நேரம் எடுப்பதற்கே அனுமதி இல்லை.

டிராக்கைச் சுற்றிக் கொடி காட்டுபவர்கள் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று முதல் சுற்றிலேயே எண்ணிக்கொள்ளுங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் செஷன் நிறுத்தப்பட்டது. சடாரென்று பிரேக் போடாமல், பின்னால் யார் என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு மெதுவாகுங்கள். நீலம், பின்னால் வேகமான கார். மஞ்சளில் சிவப்புப் பட்டைகள் இருந்தால் பாதையில் ஆயிலோ தண்ணீரோ. கறுப்பு உங்களைக் குறித்துக் காட்டப்பட்டால் பிட்டுக்கு, அதாவது டிராக் ஓரத்தில் கார்கள் வந்து நிற்கும் இடத்துக்கு, வா என்று அர்த்தம். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் இருந்தால் உங்கள் காரில் ஏதோ கோளாறு. இடத்துக்கு இடம் சின்ன வித்தியாசம் இருக்கும் என்பதால், காலையில் நடக்கும் டிரைவர் கூட்டத்தில் கவனமாகக் கேளுங்கள். முந்தவிடும்போது எந்தப் பக்கம் வர வேண்டும் என்று கையால் காட்டி, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் விட்டு, உங்கள் லைனிலேயே, அதாவது நீங்கள் வளைவுக்கு வரைந்த பாதையிலேயே, போங்கள். வழிவிடுகிறேன் என்று திடீரென ஒதுங்குவதுதான் ஆபத்து.

லைன்

வெளியே, உள்ளே, வெளியே என்பது எல்லோரும் கேள்விப்பட்டது. அதன் காரணம் ஆரம்தான். ரோட்டு டயர் ஏறக்குறைய புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசையைத் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் சுமார் 80 கி.மீ. வேகத்தில் போகலாம். முழு அகலத்தையும் பயன்படுத்தி அதே வளைவை 75 மீட்டர் ஆரமாக மாற்றினால் சுமார் 98. காரில் எந்த மாற்றமும் செய்யாமல் 18 கி.மீ. கிடைக்கிறது.

புதியவர்கள் ஏபெக்ஸைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும். அதாவது, வெளி ஓரத்திலேயே இன்னும் சிறிது நேரம் நேராகப் போய், தாமதமாகத் திரும்பி, வளைவின் நடுவைத் தாண்டிய ஒரு இடத்தில் உள்ஓரத்தைத் தொடுவது. நுழையும் வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் வெளியேறும்போது பாதை விரிந்து கிடக்கும், கணக்கு தப்பியிருந்தாலும் சமாளிக்க இடம் இருக்கும். சீக்கிரம் திரும்பினால் நுழைவு மிகச் சுகமாக இருக்கும், கடன் வெளியேறும்போது வந்து நிற்கும். ஏபெக்ஸ் தாண்டிய பிறகும் ஸ்டியரிங்கை இன்னும் திருப்ப வேண்டியிருக்கிறதா? திரும்பத் தொடங்கியது சீக்கிரம். வெளியேறும் இடத்தில் பாதை மிச்சம் இருக்கிறதா? அடுத்த சுற்றில் கொஞ்சம் வேகம் கூட்டலாம்.

எல்லா வளைவும் சமமானவை இல்லை. நீண்ட நேர்ப்பாதைக்கு முன்னால் வரும் வளைவுதான் முக்கியம். 600 மீட்டர் நேர்ப்பாதையில் சராசரி வேகம் 120லிருந்து 122 ஆனாலே 0.3 வினாடி மிச்சம். அந்த வளைவில் வெளியேறும் வேகத்துக்காக நுழையும் வேகத்தை விட்டுக்கொடுங்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று வளைவுகள் வந்தால் கடைசி வளைவிலிருந்து பின்னோக்கி யோசியுங்கள். முதல் வளைவை வேண்டுமென்றே மெதுவாக எடுப்பதே சில இடங்களில் சரி.

பிரேக்

இதை மூன்று நிலையாகப் பிரித்துப் பழகுங்கள், ஒன்று முடியாமல் அடுத்ததுக்குப் போகாதீர்கள்.

முதல் நிலையில் பிரேக் முழுவதும் நேர்கோட்டில் முடிந்துவிட வேண்டும். டிராக் ஓரத்தில் 200, 150, 100 என்று பலகைகள் இருக்கும். வசதியாகத் தோன்றும் இடத்தைவிட இன்னும் முன்னாலேயே தொடங்குங்கள். பெடலைக் குத்தாதீர்கள், ஆனால் வேகமாக அழுத்துங்கள். முதல் தொடுதலில் எடை முன்டயருக்கு வந்து சேர ஒரு கணம் வேண்டும், வந்ததும் முழு பலமும் கொடுக்கலாம். ரோட்டில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர். அங்கே மெல்லத் தொடங்கிக் கடைசியில் பலமாக அழுத்துகிறோம். அந்தப் பழக்கம் போவதற்குச் சில நாள் ஆகும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலின் கீழே துடிக்கும். அதற்குப் பயந்து காலை எடுக்காதீர்கள், ஆனால் ஒவ்வொரு வளைவிலும் அது துடித்துக்கொண்டே இருந்தால் நீங்கள் அழுத்துவது அதிகம்.

இரண்டாவது நிலையில் பிரேக் பிடிக்கும் இடத்தை மாற்றாமல், விடும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். நேர்கோட்டின் கடைசிப் பகுதியில் அழுத்தத்தை ஒரே சீராகக் குறைத்துக்கொண்டே வந்து, பூஜ்ஜியமாகும் இடமும் ஸ்டியரிங் அசையத் தொடங்கும் இடமும் ஒன்றாக வரும்படி செய்யுங்கள். அப்போதுதான் காரின் மூக்கு தாழ்ந்த நிலையிலிருந்து மெதுவாக எழுவது தெரியும். அது எழுந்து முடிவதற்குள் திருப்பியிருந்தால் முன்பக்கம் உடனே பதில் சொல்லும். முழுதாக எழுந்த பிறகு திருப்பினால் மந்தமாக இருக்கும். இந்த வித்தியாசம் ஒருமுறை உடம்புக்குப் புரிந்துவிட்டால் பிறகு மறக்காது.

மூன்றாவது நிலைதான் டிரெயில் பிரேக்கிங். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் கொஞ்சம் பிரேக் மிச்சம் இருக்கும், ஸ்டியரிங் கூடக் கூட பிரேக் குறையும், ஏபெக்ஸுக்கு முன்னால் பூஜ்ஜியமாகும். கை எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு கால் மேலே வர வேண்டும். இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பது போல. இது கிரிப் கணக்கிலிருந்து நேரடியாக வருவது, ஸ்டைலுக்காகச் செய்வது இல்லை. அளவு மீறினால் பின்பக்கம் வெளியே வரும் என்பதால், முதலில் மெதுவான, வெளியே நிறைய இடம் உள்ள வளைவில் மட்டும் பழகுங்கள்.

இதெல்லாம் வந்த பிறகுதான் பிரேக் பிடிக்கும் இடத்தைத் தள்ளிப்போட வேண்டும், அதுவும் ஒரு கார் நீளம், அடுத்து இன்னொரு கார் நீளம் என்று. தாமதமாகப் பிடித்து, பதற்றத்தில் பெடலைக் குத்தி, பதற்றத்தில் விட்டு, ஏபெக்ஸைத் தவறவிட்டு, அரை வினாடி தாமதமாக ஆக்ஸிலரேட்டரைத் தொடுகிறவர்கள்தான் எந்த டிராக் டேயிலும் அதிகம்.

மேனுவல் கியர் காரில் பிரேக்கோடு கியர் குறைப்பதும் சேரும். பாதத்தின் முன்பகுதி பிரேக்கில், பாதத்தின் பக்கவாட்டால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு, அதற்குள் கிளட்சை விடுவது. ஹீல் அண்ட் டோ என்று சொல்வார்கள். எஞ்சின் சுற்றும் வேகம் சக்கரத்தோடு பொருந்தாமல் கிளட்சை விட்டால், ஓட்டும் சக்கரங்கள் ஒரு கணம் இழுபடும். முதல் சில நாட்களுக்கு இதை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் மூன்றாவது கியரிலேயே ஓட்டுங்கள் என்றுதான் சொல்வேன். கியர் குறைக்கும்போதும் பிரேக்கின் முடிவுப் பகுதியில் குறையுங்கள். வேகம் குறையும் முன்பே குறைத்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றிச் சிதைந்துவிடலாம்.

ஆக்ஸிலரேட்டர்

ஏபெக்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் லேசாகத் தொட்டுக் காரை நிலைப்படுத்துங்கள். ஸ்டியரிங்கை நேராக்கத் தொடங்கிய பிறகுதான் கூட்ட வேண்டும். ஒருமுறை கூட்டத் தொடங்கினால் திரும்பக் குறைக்க வேண்டி வரக் கூடாது. குறைக்க வேண்டி வந்தால் தொடங்கியது சீக்கிரம்.

வழுக்கினால்

முன்டயர் நழுவினால் அண்டர்ஸ்டியர். திருப்பியும் கார் நேராகப் போகும். எல்லோரும் உடனே ஸ்டியரிங்கை இன்னும் திருப்புவார்கள், அது நிலைமையைக் கெடுக்கும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்குங்கள், ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் விடுங்கள், முன்டயர் மறுபடி பிடிக்கும்.

பின்டயர் நழுவினால் ஓவர்ஸ்டியர். போக வேண்டிய இடத்தைப் பார்த்து அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். கார் நேராகத் தொடங்கியதும் அதே வேகத்தில் ஸ்டியரிங்கை நேராக்குங்கள். பலர் முதல் வழுக்கலைப் பிடித்துவிடுவார்கள். திரும்ப நேராக்கத் தாமதித்து, எதிர்ப்பக்கம் வரும் இரண்டாவது வழுக்கலில் சுழன்றுவிடுவார்கள். இன்னொன்று, வளைவின் நடுவே பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடுவது. எடை முன்னால் ஓடி, பின்பக்கம் இலேசாகி, முன்சக்கர ஓட்டக் கார்கூடச் சுழலும்.

சுழலத் தொடங்கிவிட்டது, இனிப் பிடிக்க முடியாது என்று தெரிந்தால் கிளட்சும் பிரேக்கும் முழுவதும் உள்ளே. கார் நிற்கும் வரை எடுக்கவே கூடாது. பாதியில் பிரேக்கை விட்டால் டயர் பிடித்து, எதிர்பாராத திசையில் பாதைக்குக் குறுக்கே பாயும். பின்னால் வருகிறவர் உங்களை எந்தப் பக்கம் தாண்டுவது என்று முடிவு செய்திருப்பார். சக்கரங்கள் பாதையை விட்டுப் புல்லில் இறங்கிவிட்டால் வெட்டித் திருப்பி ஏறாதீர்கள். நேராகவே விட்டு, வேகம் குறைத்து, கண்ணாடியைப் பார்த்து, மெதுவாக ஏறுங்கள்.

வசதியுள்ள இடத்தில் நனைந்த ஸ்கிட் பேடில், அதாவது வழுக்கலைப் பழகுவதற்கான திறந்த தளத்தில், ஒரு நாள் செலவிடுங்கள். குறைந்த வேகத்தில் இதையெல்லாம் நிதானமாகச் செய்து பார்க்கலாம்.

மழை

மழை வந்தால் பலர் காரை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் இருங்கள். நனைந்த டிராக் ஒவ்வொரு குத்தையும் பெரிதாக்கிக் காட்டும். வறண்ட நாளில் எல்லோரும் ஓட்டும் லைனில் ரப்பர் படிந்திருக்கும், நனைந்தால் அதுதான் அதிகம் வழுக்கும். அதை விட்டு வெளியே கிரிப் தேடுங்கள், வெள்ளைக் கோட்டையும் கெர்பையும் (வளைவின் ஓரத்து விளிம்பு) தொடாதீர்கள். 1968 ஜெர்மன் கிராண்ட் பிரியில், நியூர்பர்க்ரிங்கில் மழைக்கும் மூடுபனிக்கும் நடுவே ஜாக்கி ஸ்டூவர்ட் இரண்டாவது வந்தவரை 4 நிமிடத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். மென்மையான கைகாலுக்குப் பெயர் பெற்றவர் அவர்.

செஷனுக்கு நடுவே

கடைசிச் சுற்றை மெதுவாக, பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டிக் காரை ஆறவிடுங்கள். நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், சூடான பேட் டிஸ்கில் ஒட்டும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். தண்ணீர் குடியுங்கள். உடனே ஒரு நோட்டில் டிராக்கை வரைந்து, ஒவ்வொரு வளைவிலும் எங்கே பிரேக் பிடித்தீர்கள், எங்கே விட்டீர்கள் என்று எழுதுங்கள். ஒரு வளைவு நினைவுக்கே வரவில்லை என்றால், அங்கே கண் எங்கேயோ இருந்திருக்கிறது. அடுத்த செஷனுக்கு ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

சில நாள் கழித்து ஜிபிஎஸ் டேட்டா பதிவு செய்யும் கருவியோ செயலியோ பயன்படுத்தலாம். மொத்த நேரத்தைப் பார்க்காதீர்கள். வேக வரைபடத்தில் ஒவ்வொரு வளைவிலும் மிகக் குறைந்த வேகம் எங்கே வருகிறது என்று பாருங்கள். அது ஏபெக்ஸுக்கு வெகு முன்னாலேயே வந்து, கோடு தட்டையாக ஓடினால் அளவுக்கு மீறி பிரேக் பிடித்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள். கூர்மையான பள்ளமாக இருந்தால் பெடலைக் குத்துகிறீர்கள். வழவழப்பான வளைவாக இருந்தால் கால் கற்றுக்கொண்டுவிட்டது.

நாளின் கடைசி செஷனில் களைப்பாக இருந்தால் ஓட்டாதீர்கள். திரும்பி வீட்டுக்கும் அதே காரில்தான் போக வேண்டும்.

போட்டிக்குப் போகும்போது

ஒரே கார், ஒரே டிராக், அடுத்தடுத்த பத்து சுற்றுகளின் நேரம் ஒன்றுக்கொன்று அரை வினாடிக்குள் வரத் தொடங்கினால் அடுத்த கட்டத்தைப் பற்றி யோசிக்கலாம். வேகத்தைவிட இந்தச் சீர்தான் முக்கியம். பக்கத்தில் ஓட்டுகிறவர் நீங்கள் அடுத்து என்ன செய்வீர்கள் என்று ஊகிக்க முடிய வேண்டும். முதலில் தனியாக நேரத்துக்கு எதிராக ஓடும் டைம் அட்டாக், பிறகு லைசென்ஸ் வகுப்பு, அப்புறம் பவர் குறைந்த, எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார் தரும் வகுப்பில் போட்டி. ரோல் கேஜ், தீயணைப்பு, ஹான்ஸ் எல்லாம் இப்போது தேவைப்படும். அவை ஏற்கெனவே பொருத்தப்பட்ட பழைய ரேஸ் காரை வாங்குவது, புதிதாகக் கட்டுவதைவிடப் பெரும்பாலும் லாபம்.

முதல் போட்டியில் தகுதிச் சுற்றில் எந்த இடம் கிடைத்தாலும், கடைசி வரிசையிலிருந்து தொடங்க அனுமதி கேளுங்கள். முதல் வளைவில் இருபது கார்கள் ஒரே இடத்துக்கு எப்படி நெருங்குகின்றன, யார் எங்கே பிரேக்கை விடுகிறார்கள் என்று பின்னாலிருந்து முழுவதும் தெரியும். அந்த ஒரு வளைவைத் தாண்டிய பிறகு உங்கள் போட்டியைத் தொடங்கலாம்.